இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்க

பூசாரி தட்டை நீட்டியதும் வீருசின்னம்மாள் கையை நீட்டிவிடமாட்டார். முதலில் குனிந்து பார்ப்பார். ஒரு சிட்டிகை விபூதியை எடுத்து விரலிடுக்கில் தேய்த்து மோந்து பார்ப்பார். “இது சாணச் சாம்பலா, கடப் பாக்கெட்டா?” என்று கேட்பார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். முன்பொரு தரம் பாக்கெட் விபூதி அவருடைய பேத்தியின் நெற்றியைத் தடித்துச் சிவக்க வைத்துவிட்டதாம். அன்றிலிருந்து இந்த விசாரணை நடக்கிறது. “பாக்கெட்டுதான் தாயி” என்று பூசாரி பால்பாண்டி ஒத்துக்கொண்டால், “அப்ப எனக்குப் பூசுங்கண்ணே, பிள்ளைக்கு வேணாம்” என்று தன் நெற்றியை மட்டும் காட்டுவார்.

மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில், நெல்வயலும் திராட்சைப் பந்தலும் மாறி மாறி வரும் ஓர் ஊர். மின்வாரிய வேலையில் மாற்றலாகி அங்கே போன நான், இரண்டு வருடமாக வீருசின்னம்மாள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். வீடு பார்க்கப் போன அன்று அவர் என்னிடம் வாடகையைப் பற்றிப் பேசவில்லை. “சாமி கும்பிடுவீகளா?” என்று கேட்டார். சாதியை வளைத்துக் கேட்கிறார் என்று நினைத்து, “ஏதோ கும்பிடுவேன்” என்றேன். “என்னன்னு கேப்பீக?” என்றார். நான் தலையைச் சொறிந்தேன். “யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல” என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான, வெயிலில் காய்ந்த உடம்பு. ஒரு காதில் தோடு, இன்னொரு காதில் துடைப்பக்குச்சி. அந்தக் காதுத் தோட்டின் திருகாணி தொலைந்துபோய் வெகுகாலமாகிறது. கம்பம் சாலையில் புளியமர நிழலில் பன்னீர் திராட்சை விற்கிறார். காரை நிறுத்தி, “இனிப்பா இருக்குமா?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லமாட்டார். கூடைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு கொத்தை இழுத்து நீட்டுவார். “மேல உள்ளத எல்லாரும் இனிப்பாத்தான் வைப்பாக. அடியில கெடக்குறதத் தின்னு பாருங்க.”

கணவர் சுருளிவேல் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர். அதிர்ந்து பேசாதவர். அந்த வீட்டில் கேள்வி கேட்பது ஒருவர் பங்கு, பதில் சொல்லாமலிருப்பது மற்றவர் பங்கு என்று பிரித்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்துவருகிறார்கள்.

வீருசின்னம்மாளுக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். செவ்வாய், வெள்ளி தவறாமல் காளியம்மன் கோயிலுக்குப் போவார். உத்தமபாளையத்துத் தர்காவுக்குப் போய்ச் சர்க்கரை கொடுத்து ஓதி வாங்கிவருவார். யாரோ அழைத்தார்கள் என்று ஜெபக்கூட்டத்திலும் உட்கார்ந்துவிட்டு வருவார். போன இடத்திலெல்லாம் கேட்பார். பக்கத்துத் தெருவில் ஒருவர் புதுமனை புகுந்தபோது ஓமம் வளர்த்த ஐயரிடம், “இப்பச் சொன்னீகள்ல, அதுக்கு என்ன சாமி அர்த்தம்?” என்றார். புதுவீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். ஐயர் மட்டும் நெய்க்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஒரு வரிக்கு நிதானமாக அர்த்தம் சொன்னார். தண்ணீரைக் கூப்பிடுகிற வரி அது. கேட்டுவிட்டு வீருசின்னம்மாள், “நல்லா இருக்கே, இத முன்னயே சொல்லிருந்தா நாங்களும் சேந்து கூப்பிட்டிருப்போம்ல” என்றார். ஐயர் சிரித்துவிட்டார். இப்போதும் அந்தப் பக்கம் வந்தால் திராட்சை வாங்காமல் போவதில்லை.

ஒருமுறை அல்லிநகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெரிய சாமியார் ஒருவர் வந்திருந்தார். கூட்டம் வாசல்வரை நின்றது. ஒவ்வொருவராகக் காலில் விழுந்து எழுந்தார்கள். இவர் முறை வந்ததும் விழாமல் நின்று, “சாமி, ஒங்களுக்கு ராத்திரித் தூக்கம் வருமா?” என்று கேட்டார். தொண்டர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துவிட்டார்கள். சாமியார் அதுவரை யார் முகத்தையும் பார்க்காதவர், அப்போது நிமிர்ந்தார். “சில நாள் வராதும்மா” என்றாராம் மெதுவாக. அதற்குள் இவரை நகர்த்திவிட்டார்கள். இதை என்னிடம் சொல்லும்போது வீருசின்னம்மாள் முகத்தில் கேலி இல்லை. “எனக்கு வரல தம்பி, அதான் கேட்டேன். அவுகளுக்கும் வரலையாம். அன்னையிலருந்து அவுக மேல மரியாத கூடிருச்சு.”

தூக்கம் வராமல் போன காரணம் எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று மலைப்பாதையில் கவிழ்ந்ததில் மருமகன் இறந்துபோனார். ஓட்டிக்கொண்டு போனவரே அவர்தான். மகள் உமாதேவி சிறு பெண் குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்னமனூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். நான் மாடியேறும்போது எதிரே வந்தால் ஒதுங்கிச் சிரிப்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்தக் குழந்தைக்கு முன்பு டெங்கு வந்து, பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் மூன்று வருடம் காளியம்மனுக்கு முளைப்பாரி எடுப்பதாக உமாதேவி நேர்ந்திருந்தாள். இரண்டு வருடம் எடுத்துவிட்டாள். மூன்றாவது வருடத் திருவிழா வருவதற்குள் கணவர் போய்விட்டார். இந்தப் பங்குனியில் முளைப்பாரிக்குப் பெயர் கொடுக்க வீருசின்னம்மாள் போனபோது, விழாக் கமிட்டித் தலைவர் விஜய்ராஜ் பேனாவை மூடிவிட்டார்.

விஜய்ராஜ் கெட்ட மனிதர் அல்ல. உரக்கடை வைத்திருக்கிறார். ஜீப் கவிழ்ந்தபோது முதல் ஆளாக மலைக்கு ஓடியவர் அவர்தான். “யாரையும் புண்படுத்தணும்னு இல்லக்கா. முளைப்பாரிங்கிறது மங்கலமான காரியம். வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார்.

“யாரு வச்ச வழக்கம்?”

“பெரியவுக வச்சதுதான்.”

“எந்தப் பெரியவுக? எங்க அப்பனா, ஒங்க அப்பனா?”

“எல்லாத்துக்கும் பேரு சொல்ல முடியுமாக்கா?”

“எம்மக பேர எழுத மாட்டேன்னா, எழுதக்கூடாதுன்னு சொன்னது யாருன்னு ஒரு பேராவது எனக்கு வேணும்ல தம்பி.”

பேச்சு வளர்ந்து கூட்டம் சேர்ந்துவிட்டது. உமாதேவி கோயில் மண்டபத்துத் தூணோரம் நின்றிருந்தாள். அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கடைசியில் பூசாரி பால்பாண்டிதான் கையமர்த்தினார். “மனுசங்க பேசித் தீராது. ஆத்தாகிட்டயே கேட்டுருவோம். பூப் போட்டுப் பாப்போம்” என்றார். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது.

அவர் வெள்ளரளி ஒன்றும் செவ்வரளி ஒன்றும் பறித்து வந்தார். ஒரே மாதிரி இரண்டு வாழையிலைத் துண்டு. கர்ப்பகிரகத்துக்குள் திரும்பி நின்று, இரண்டையும் தனித்தனியாக மடித்து நார் சுற்றினார். அம்மன் காலடியில் உருட்டிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார். “ஆத்தா, தாலியிழந்த பொண்ணு முளைப்பாரி தூக்கலாமா? ஆகும்னா வெள்ளையக் குடு. ஆகாதுன்னா செகப்பக் குடு.”

எடுப்பதற்கு எப்போதும் சின்னப் பிள்ளையைத்தான் விடுவார்கள். அன்றைக்கு அது பள்ளிக்கூட நேரம். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற என்மேல் விஜய்ராஜின் கண் விழுந்தது. “சார் வெளியூரு. எந்தப் பக்கமும் சேராதவரு. அவரே எடுக்கட்டும்.” வேடிக்கை பார்க்க வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பொட்டலங்கள் சில்லென்று ஈரமாக இருந்தன. எது கைக்கு முதலில் பட்டதோ அதை எடுத்தேன். பூசாரி நாரை உருவினார்.

சிவப்பு.

உமாதேவி முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு வெளியே நடக்கத் தொடங்கினாள். “அம்புட்டுத்தான், ஆத்தா சொல்லிட்டா” என்று விஜய்ராஜ் துண்டை உதறினார்.

“இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்க” என்றார் வீருசின்னம்மாள்.

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் மண்டபமே இரைந்தது. “சாமியவே சந்தேகப்படுறியா?” என்று ஒரு கிழவர் கம்பை ஊன்றி எழுந்தார். “சாமிய யாரு சந்தேகப்பட்டா? பொட்டலம் கட்டுனது மனுசக் கைதான?” என்றார் இவர். பால்பாண்டியின் முகம் கறுத்துவிட்டது. அந்தக் கோயிலில் தலைமுறை தலைமுறையாகப் பூப் போடுகிற குடும்பம் அவருடையது. இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டிருக்கவே மாட்டார். மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து வந்து படிக்கல்லில் போட்டார். “நீயே பிரி.”

வீருசின்னம்மாள் உட்கார்ந்து, நாரை அறுக்காமல் பொறுமையாக அவிழ்த்தார். இலைக்குள் வெள்ளரளி இருந்தது.

நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூசிப் போவார் என்று நினைத்தேன். அவரோ எழுந்து, பூசாரியைப் பார்த்துக் கும்பிட்டார். “ஒங்க கை சுத்தம்ணே. இம்புட்டு நாளா நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“இப்பத் திருப்தியா?” என்றார் விஜய்ராஜ்.

“பூவுல திருப்திதான் தம்பி. இப்பக் கேள்விக்கு வாங்க.”

“இன்னும் என்னக்கா கேள்வி?”

“அண்ணன் ஆத்தாகிட்டக் கேட்டாகள்ல, அதச் சொல்றேன். ‘தாலியிழந்த பொண்ணு’ன்னு கேட்டாக. அவளுக்கு உமாதேவின்னு பேரு இருக்கு. ‘பிள்ளைக்காக நேந்தவ, ரெண்டு வருசம் குடுத்துட்டா, மிச்சத்தையும் குடுக்கலாமா’ன்னு கேட்டிருக்கலாம்ல? நம்ம எப்படிக் கேக்குறமோ அதுக்குத்தான பூவு பதில் சொல்லும்? ஆகாதவன்னு சொல்லிட்டு ஆகுமான்னு கேட்டா, ஆத்தாதான் என்ன செய்வா?”

ஒரே நாளில் இரண்டு தரம் பூப் போடுவது ஆகாது என்று பலரும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். பால்பாண்டி படியில் கிடந்த வெள்ளரளியைக் குனிந்து எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, கோயிலைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஊரில் யார் பூக் கேட்க வந்தாலும் அவர் இரண்டு பொட்டலத்தையும் பிரித்துக் காட்டிவிடுகிறார். “ரெண்டையும் பாத்துக்கங்கப்பா” என்கிறார். அதிலே அவருக்கு ஒரு பெருமைகூட வந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

அன்று சாயங்காலம் கீழ்வீட்டில் உமாதேவியின் குரலை முதல்முறையாக உரக்கக் கேட்டேன். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

“ஒன்ன யாரும்மா அங்கன போயிக் கேக்கச் சொன்னா? ஊரே என்னயத் திரும்பிப் பாத்துச்சு. தாலியிழந்தவ, தாலியிழந்தவன்னு மைக்குல சொல்லாத கொறதான்.”

“ஒனக்காகத்தானடி கேட்டேன்.”

“எனக்காகவா? பூசாரி மாமாகிட்டக் கேட்ட. விசயராசு அண்ணன்கிட்டக் கேட்ட. எங்கயோ இருந்து வந்த சாமியாருகிட்டத் தூக்கம் வருமான்னு கேட்ட. எனக்குத் தூக்கம் வருதான்னு என்னைக்காச்சும் கேட்டியா? முளைப்பாரி எடுக்கணுமா வேணாமான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

நான் ஓசைப்படாமல் மாடிக்கே திரும்பிவிட்டேன்.

மறுநாள் புளியமரத்தடியில் வீருசின்னம்மாள் யாருக்கும் அடிக்கொத்தை எடுத்து நீட்டவில்லை. கேட்டவர்களுக்கு நிறுத்துக் கொடுத்தார். வேலை முடிந்து பைக்கில் திரும்பிய என்னைக் கைகாட்டி நிறுத்தினார். “தம்பி, ஒரு ஆளுகிட்ட ஒண்ணக் கேக்கணும்னா, நமக்கு எந்தப் பதில் வேணும்னு நெனச்சுக்கிட்டே கேக்கலாமா?” என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். “நீங்க இன்னும் பழைய கேள்விக்கே யோசிச்சுக்கிட்டு இருக்கீக” என்று சிரித்தார். பிறகு கூடையை மூடிக்கொண்டு, வழக்கத்துக்கு முன்னாடியே வீட்டுக்குக் கிளம்பினார்.

என்ன கேட்டார், எப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. உமாதேவி என்ன சொன்னாள் என்பதை அவரே பிற்பாடு சொன்னார். “ஊர்வலத்துல கூட்டத்தோட நடக்க வேணாமாம். கொட்டு, குலவை எதுவும் வேணாமாம். வெதமுத்துப் போட்டு, தண்ணி தெளிச்சு, அது வளர்றதப் பாக்கணுமாம். பாத்துட்டு ஆத்தாகிட்டக் கொண்டுபோயிக் காமிக்கணுமாம். அம்புட்டுத்தான் கேக்குறா. நான் என்னென்னமோ நெனச்சுக்கிட்டேன்.”

ஊரில் முளைப்பாரி வீட்டில் முத்துப் பரப்பிய அதே நாளில், இங்கே சாமான்கள் வைக்கும் சின்ன அறையைக் கழுவி, சன்னலைச் சாக்கால் மறைத்து, ஒரு மண்பானையில் எருவும் தவசமும் போட்டு உமாதேவி விதைத்தாள். வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் தண்ணீர் தெளித்தாள். சுருளிவேல் மீன் வாங்கி வருவதை நிறுத்திவிட்டார். தெருவில் இரண்டு மூன்று வீட்டார் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். விஜய்ராஜின் மனைவி மகாலட்சுமி மட்டும் கொல்லைப்பக்கமாக வந்து, நயமாகச் சலித்த எரு ஒரு கூடை கொடுத்துவிட்டு, “வீட்டுல தெரிய வேணாம்க்கா” என்று சொல்லிப் போனாளாம். இருட்டிலேயே முளைத்த பயிர் வெளிர்மஞ்சளாக, நெருக்கமாக, நெட்டுக்குத்தாக எழும்பியது. குழந்தை எனக்கும் ஒருநாள் கதவை ஒரு விரற்கடை திறந்து காட்டினாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள், வாடகை கொடுக்க நான் கீழே நின்றபோது, பால்பாண்டி அந்த வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றவரை வீருசின்னம்மாள் உள்ளே கூப்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. உமாதேவியைப் பார்த்தார்.

“தாயி, ஒங்கம்மா சொன்னதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டுல காலங்காலமாப் பூப் போடுறோம். என்ன வருதுன்னுதான் எல்லாரும் பாத்தாக. என்ன கேட்டோம்னு யாரும் பாக்கல. ஆத்தாகிட்ட எப்படிக் கேக்கணும்னு நீயே சொல்லு. அதே மாதிரி நாளைக்கிக் காலையில கேக்குறேன்.”

வீருசின்னம்மாள் வாயைத் திறந்தார். மகளைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அவர் பேச வந்து பேசாமல் விட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

உமாதேவி மோர்ச் செம்பை அவரிடம் நீட்டினாள். “கேக்க வேணாம் மாமா. பிள்ளைக்காக அழுதப்ப ஒங்ககிட்டச் சொல்லல, கமிட்டியில சொல்லல, அவகிட்டத்தான் சொன்னேன். இப்ப வரேன்னும் அவகிட்டயே சொல்லிக்கிறேன். நீங்க கதவ மட்டும் தெறந்து வைங்க.”

பூசாரி தலையை ஆட்டினார். கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் பிற்பகல் கொட்டும் குலவையுமாக ஊர் முளைப்பாரி வரிசையாகப் போனது. அதை வாய்க்காலில் கரைத்து முடித்து, பெண்கள் ஈரச்சேலையோடு திரும்பிய பிறகு, வெயில் இன்னும் இருக்கும்போதே உமாதேவி பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தாள். மஞ்சள் சேலையும் வெள்ளைச் சேலையும் வேண்டாம் என்று கடைக்கு உடுத்திப்போகும் நீலச்சேலையில் இருந்தாள். பின்னால் அம்மா, அம்மாவின் கையைப் பிடித்தபடி குழந்தை, கடைசியில் துண்டை இடுப்பில் கட்டிய சுருளிவேல். நானும் கொஞ்சம் தள்ளி நடந்தேன்.

தெருவில் கதவுகள் திறந்துதான் இருந்தன. சிலர் உள்ளே போனார்கள். சிலர் நின்று பார்த்தார்கள். மகாலட்சுமி குடத்தோடு வாசலுக்கு வந்து, தெருக்கோடியைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு விறுவிறுவென்று வந்து, முளைப்பாரி எடுப்பவர்களுக்குச் செய்வதுபோல உமாதேவியின் காலில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். கோயில் பந்தலில் உட்கார்ந்திருந்த விஜய்ராஜ் இதைப் பார்த்தார். எழுந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “ஏலே, ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கா பாருங்கடா” என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

கோயில் கதவு திறந்திருந்தது. பால்பாண்டி எல்லாருக்கும் காட்டியதுபோலச் சூடம் காட்டினார். உமாதேவியின் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. என்னவென்று வீருசின்னம்மாள்கூடக் கேட்கவில்லை.

அங்கிருந்து வாய்க்காலுக்குப் போனோம். பெரியாற்றுத் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. உமாதேவி முழங்கால் ஆழத்துக்கு இறங்கி நின்றாள். வீருசின்னம்மாளும் குழந்தையைச் சுருளிவேலிடம் விட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே இறங்கி, பானையை இறக்கிவிட இரண்டு கைகளையும் உயர்த்தினார். பானையைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது கைகள் நின்றன.

“எறக்கவா?” என்று கேட்டார்.

உமாதேவி தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். தண்ணீர் அவர்கள் முழங்காலைச் சுற்றி ஓடியது. வீருசின்னம்மாளின் கைகள், தொடாமலும் தாழாமலும், பானையின் இரண்டு பக்கமும் காத்துக்கொண்டிருந்தன.